மணிக்கும் கதவுக்கும் நடுவே

சேஷாத்ரிபுரம், பெங்களூர்
6 ஜூலை 1959

பாஞ்சாலி,

எனக்குப் பதில் தெரியாத ஒரு கேள்வியை முதலில் எழுதுகிறேன். மணி அடித்தால் அடுத்து என்ன வரும் என்று நன்றாகத் தெரிந்த ஒரு எலி, மணி அடித்த பிறகும் ஏன் இருந்த இடத்திலேயே இருக்கிறது?

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. தரையெல்லாம் கம்பி. நடுவில் ஒரு மரக்கழி தொங்கும். மணி அடித்துப் பதினைந்து விநாடியில் கம்பியில் மின்சாரம் வரும். சுருக்கென்று குத்தும் அளவுக்குத்தான். கழியில் ஏறிக்கொண்டால் தப்பிக்கலாம். ஒரு வாரத்தில் எலி இதைக் கற்றுக்கொண்டு, மணி கேட்டதும் ஏறிவிடுகிறது. பிறகு அதற்குச் சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுக்கும் மருந்தை ஊசியில் போடுகிறோம். மணி அடிக்கிறது, காது நிமிர்கிறது, எலி ஏறுவதில்லை. மின்சாரம் குத்தியதும் ஏறிவிடுகிறது. ஆக, காது கெடவில்லை, காலும் கெடவில்லை. கெட்டது எது? எங்கள் தலைவர் டாக்டர் ஷங்கர் அதற்கு ‘அமைதி’ என்று பெயர் வைத்திருக்கிறார். ஆய்வு ஏட்டில் என் கையெழுத்திலும் அந்தச் சொல் நாற்பது இடங்களில் இருக்கிறது.

உன் கணவர், நம் மாப்பிள்ளை, சாப்பிடும் மாத்திரையும் அதே வேரிலிருந்து வந்ததுதான். மே மாதம் அவருக்கு ரத்த அழுத்தம் இருநூறைத் தாண்டியபோது, எனக்குத் தெரிந்த டாக்டரிடம் சொல்லி வாங்கிக் கொடுத்தது நான். “கோபமும் அடங்கும்” என்று உன்னிடம் சொன்னதும் நான். அவர் ரயில்வே கேட்மேன். ஸ்டேஷனிலிருந்து மணி அடித்தால் எழுந்து போய்ச் சாலையின் இரு பக்கமும் கதவை மூடுவதுதான் அவர் வேலை. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்கு இரண்டு மாதம் ஆகியிருக்கிறது.

எலி மனிதன் அல்ல. எலியைப் பார்த்து மனிதனைப் பற்றிப் பேசுகிறவர்களை நான் நம்பியதும் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். மணி அடித்தால் எழுந்திருக்கிறாரா? முன்பு எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் நீ பதில் போடவில்லை. இதற்காவது நேராகப் பதில் எழுது.

காந்தா


கேட் வீடு
9 ஜூலை 1959

அக்காவுக்கு பாஞ்சாலி எழுதுவது.

கடிதம் கிடைத்தது. எலிகளெல்லாம் சௌக்கியமா? என் பெண் வள்ளிக்கு எட்டாம் மாதம் நடக்கிறது, தங்கவயலில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். உன் கடிதத்தில் அவளைப் பற்றி ஒரு வரி இல்லை. கல்யாணம் செய்துகொள்ளாமல் எலிகளோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு அதுகளின் கவலைதான் இருக்கும்.

இவர் நன்றாக இருக்கிறார். போன வருஷம் லாரி டிரைவர் மேல் கைவிளக்கை வீசி எறிந்தவர் இவர்தானா என்று பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள். பால் ஊற்றும் முனியப்பன் நேற்று வாசலில் நின்று, “இன்னாம்மா, உன் ஊட்டுக்காரரு சாமியாரா பூட்டாரா? திட்டவே மாட்டேன்றாரே, பால்ல தண்ணி ஊத்தறதுக்கே பேஜாரா கீது” என்றான். நான் சிரித்தேன். இவரும் சிரித்திருக்கலாம். முகத்தைப் பார்த்து எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

மூக்கு மட்டும் எப்போதும் அடைத்துக்கொண்டிருக்கிறது. நீலகிரித் தைலம் தேய்த்தும் போகவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறார். போடாவிட்டால் கேட்பதில்லை.

இரண்டரை மணி வண்டி வருகிறது. மூடிவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

எங்கே விட்டேன் தெரியவில்லை. முன் கடிதங்களில் ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாய். வர முடியாது. வீட்டில் வேலை இருக்கிறது. நீயும் வெயிலில் இவ்வளவு தூரம் வர வேண்டாம். மாத்திரை தீரப்போகிறது. டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்பு, முனியப்பனிடம் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.

பாஞ்சாலி


சேஷாத்ரிபுரம்
14 ஜூலை 1959

பாஞ்சாலி,

போன ஜூன் பத்தாம் தேதிதான் நூறு நாளைக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் எப்படித் தீரும்? இது முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி. “மூடிவிட்டு வந்து எழுதுகிறேன்” என்று எழுதியிருக்கிறாய். எதை மூடினாய்? இரண்டரை மணி வண்டிக்குக் கேட்டை மூட வேண்டியவர் நீயா, அவரா? அந்த வரியை எழுதும்போது நீ யோசித்திருக்க மாட்டாய். பழகிப்போன வேலையைத்தான் யோசிக்காமல் எழுத வரும்.

உன் கடிதம் எனக்கு இன்னொரு காரியமும் செய்தது. எங்கள் எலிகளில் சில, பெரிய அளவு மருந்து போட்டும் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் மட்டும் ஒழுங்காகக் கழியில் ஏறுகின்றன. மற்ற நாளில் ஏறுவதில்லை. கிழமை பார்த்து எலி ஏறாது. மருந்து கலப்பதில் தவறு என்று நினைத்து ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். உன் கடிதத்தைப் படித்த பிறகுதான், அந்த இரண்டு நாளும் பெட்டியின் பக்கத்தில் உட்காருகிறவர் யார் என்று யோசித்தேன். டொமினிக். பதினோரு வருஷமாக எங்கள் எலிகளுக்குச் சோறும் தண்ணீரும் வைக்கிறவர்.

இன்று அவர் முறை. கதவோரம் நின்று பார்த்தேன். மணி அடித்தது. எலி அசையவில்லை. டொமினிக் பென்சிலைத் திருப்பிப் பிடித்து, ரப்பர் முனையால் அதன் பின்பக்கத்தை லேசாகத் தொட்டார். எலி எழுந்து போய்க் கழியில் ஏறிக்கொண்டது.

“டொமினிக், இது என்ன?”

அவர் பென்சிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். “ஷாக் அடிச்சா கத்துது மேடம். மனசு கேக்கல.”

“எத்தனை நாளாக?”

“தள்ளல மேடம். ஏசு சத்தியமா தள்ளல. சும்மா தொட்டேன். ஏர்றது அதுவாதான் ஏறுது.”

எனக்கு வந்த கோபத்தை உனக்கு எழுத முடியாது. இரண்டு மாதத்து ஏடு வீண். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது, அவர் சொன்ன கடைசி வார்த்தைதான் கூடவே வந்தது. ஏறுவது அதுவாகத்தான் ஏறுகிறது. அப்படியானால் அதற்கு வழி மறக்கவில்லை. ஆரம்பிக்க மட்டும் முடியவில்லை.

அவர் இரக்கத்தால் மறைத்தார். நீ எதனால் மறைக்கிறாய்? டாக்டருக்குச் சீட்டு எழுதவில்லை. முதலில் எனக்குப் பதில் வர வேண்டும்.

காந்தா


கேட் வீடு
17 ஜூலை 1959

அக்கா,

நீ துப்பறியும் வேலைக்குப் போயிருக்கலாம்.

சரி, சொல்கிறேன். நான்தான் மூடுகிறேன். ஆறு வாரமாக நான்தான். காலை ஆறு மணியிலிருந்து சாயங்காலம் ஏழு மணி வரை பதினோரு வண்டி. அதற்கு மேல் சாலைக் கதவைப் பூட்டிவிடலாம் என்பது ரூல், அதனால் பிழைத்தேன். கடைக்குப் போவதில்லை. தலைக்குக் குளிப்பதுகூட இரண்டு வண்டிக்கு நடுவில்தான். உன் வீட்டுக்கு ஏன் வரவில்லை என்று இப்போது புரிகிறதா?

மாத்திரை ஏன் தீர்ந்தது என்று கேட்டாய். நீ சொன்னது நாளைக்கு ஒன்று. நான் கொடுத்தது மூன்று. ஒன்று சாப்பிட்டதற்கே முதல் வாரம் தங்கமாக இருந்தார். வள்ளி கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னோடு உட்கார்ந்து பேசினார். இருபத்திரண்டு வருஷம் அந்தக் கத்தலைக் கேட்டவள் நான். ஒன்றுக்கே இவ்வளவு என்றால் மூன்றுக்கு எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தது தப்பு. என்னைத் திட்டவேண்டும் என்றால் திட்டு. ஆனால் “கோபமும் அடங்கும்” என்று ஆசை காட்டியது நீ.

முதலில் தோளைத் தொட்டால் எழுந்து போய் மூடிவிட்டு வருவார், உன் எலி மாதிரியே. அப்புறம் தொட்டால் எழுந்திருப்பார், வாசற்படி வரை போவார், நின்றுவிடுவார். என்ன யோசிக்கிறீங்க என்றால், “ஒண்ணுமில்ல, போறேன்” என்பார். போகமாட்டார்.

போன செவ்வாய்க்கிழமை கிணற்றடியில் இருந்தேன். காற்று வேறு பக்கம் அடித்தது, எனக்கு மணி கேட்கவில்லை. வண்டி ஊதுகிற சத்தம் கேட்டுத்தான் ஓடிவந்தேன். தண்டவாளத்தின் மேல் ஒரு மாட்டு வண்டி. வைக்கோலின் மேல் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். மாட்டின் வாலைக் கடித்து விரட்டினேன். அக்கா, கடித்து. இவர் கட்டிலில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி போன பிறகு உள்ளே வந்து கத்தினேன். “மணி அடிக்கல?”

“அடிச்சுது.”

“அப்ப இன்னாத்துக்கு குந்திகினு இருந்த? கல்லா நீ?”

கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது. துடைத்துக்கொள்ளக்கூட கை எழவில்லை.

அன்றைக்கு மறுநாளே மாத்திரையை நிறுத்திவிட்டேன். பதினைந்தாம் தேதி காலையிலிருந்து ஒன்றுகூட இல்லை. இன்னும் நாலு நாளில் பழைய மனுஷன் ஆகிவிடுவார். கத்தட்டும்.

நீ ஸ்டேஷனுக்கு எழுதுவாய் என்று எனக்குத் தெரியும். உன் கை சும்மா இருக்காது. எழுதினால் ரயில்வே டாக்டர் பார்ப்பார், ‘அன்ஃபிட்’ என்று ஒரு வார்த்தை எழுதுவார். வேலை போகும், இந்த வீடு போகும். ஐம்பத்தொரு வயதில் இவரை யார் சேர்த்துக்கொள்வார்கள்? பிரசவத்துக்குப் பிறகு வள்ளி குழந்தையோடு எந்த வாசலுக்கு வருவாள்? மர்பி டவுனில் அப்பா இருந்த அந்த ஒற்றை அறைக்கா? நீ எழுதினால் உனக்குத் தங்கை இல்லை என்று வைத்துக்கொள்.

பாஞ்சாலி


சேஷாத்ரிபுரம்
20 ஜூலை 1959

பாஞ்சாலி,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். திட்டப் போவதில்லை. மூன்று மாத்திரை கொடுத்தது உன் தவறு. அந்த மருந்தை ‘அமைதி’ என்ற பெயரில் உன் கையில் கொடுத்தது என் தவறு. எது பெரியது என்று அளக்க இப்போது நேரம் இல்லை.

நான்கு நாளில் சரியாகிவிடும் என்று எழுதியிருக்கிறாய். இதைக் கவனமாகப் படி. மருந்து ஓரிரு நாளில் உடம்பை விட்டுப் போய்விடும். அது செய்துவிட்டுப் போன காரியம் போகாது. மூளையில் ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்குச் செய்தி சொல்லச் சில ரசாயனங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. செரடோனின் என்று ஒன்று, நார்அட்ரினலின் என்று ஒன்று. இந்த மருந்து அந்தக் கிடங்கைத் திறந்துவிடுகிறது. உள்ளே இருப்பதெல்லாம் வழிந்து போகிறது. திறந்தவன் ஊரை விட்டுப் போன பிறகும் கிடங்கு காலியாகத்தான் இருக்கும். மெல்ல மெல்லத்தான் நிரம்பும். இதை வெளிநாட்டு ஆய்வாளர்கள் நாலைந்து வருஷமாக எழுதி வருகிறார்கள். கிடங்கு காலியானதால்தான் எலி ஏறவில்லையா என்றால், அது இன்னும் நிரூபணம் ஆகவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: என் பத்து எலிகளில் ஆறு, கடைசி ஊசி போட்டு எட்டாம் நாளும் மணிக்கு ஏறவில்லை. இவை டொமினிக்கின் பென்சில் தொடாத எலிகள். நானே உட்கார்ந்து பார்த்தது.

டாக்டர் ஷங்கரிடம் சொன்னேன். ‘அமைதி’ என்ற சொல்லைக் கட்டுரையிலிருந்து எடுக்க வேண்டும், இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களில் மணிக்கும் விசிலுக்கும் வேலை செய்கிறவர்கள் யார் என்று ஆஸ்பத்திரியைக் கேட்க வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். “எலிக்கு மனக்கவலை வந்துவிட்டது என்று எழுதட்டுமா, மிஸ் காந்தா?” என்றார். எலிக்கு என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. தெரியாததற்கு அவர் ஒரு நல்ல பெயர் வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை உடனே ‘சிக்’ போட வேண்டும். ஜுரம் என்று சொல்லட்டும், வயிற்றுவலி என்று சொல்லட்டும். மூன்று வாரம் லீவு கிடைத்தால் போதும். அதற்குள் சரியாகக்கூடும். ஆகும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். சனிக்கிழமை வரை பார்ப்பேன். அதற்குள் அவர் லீவு கேட்காவிட்டால் ஸ்டேஷன் மாஸ்டருக்கு நான் எழுதுவேன். நீ என்னோடு பேசாமல் இருப்பதை என்னால் தாங்க முடியும். வைக்கோல் வண்டியில் இருந்த இரண்டு பிள்ளைகளை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உனக்கு எப்படி இறங்குகிறது என்று கேட்கவில்லை. இறங்காது என்று தெரியும்.

காந்தா


கேட் வீடு
23 ஜூலை 1959

அக்கா,

இதை முனியப்பன் நேராக உன் வீட்டில் கொண்டுவந்து கொடுப்பான். தபாலுக்கு நேரம் இல்லை.

காலையில் தந்தி வந்தது. வள்ளிக்குக் கால் முகமெல்லாம் வீங்கி, வலிப்பு மாதிரி வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நாளை விடியற்காலை வண்டிக்குப் போகிறேன். போகாமல் முடியாது.

லீவு கேட்கச் சொல்லி மூன்று நாளாக இவரிடம் கெஞ்சினேன். “கேக்கறேன்” என்கிறார். ஸ்டேஷன் ஒரு மைல். கேட்பதற்குக் கிளம்ப வேண்டுமே. சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், மத்தியானம் நான்தான் கழற்றிவிட்டேன். நான் போய்க் கேட்டால், “உன் புருஷனுக்கு வாய் இல்லையா?” என்பார்கள். அப்புறம் எல்லாம் வெளியே வரும்.

முன்னைக்கு இப்போது கொஞ்சம் தேவலை. நேற்று தானே சவரம் செய்துகொண்டார். மாத்திரை நிறுத்தி எட்டு நாள் ஆகிவிட்டது. உன் கணக்கில் பத்தில் நாலு எலி ஏறிவிட்டது அல்லவா? இவர் அந்த நாலில் ஒன்று என்று வைத்துக்கொண்டு போகிறேன். வேறு எதை வைத்துக்கொண்டு போவது?

நீ வா என்று கேட்கிறேன். இருபது வருஷத்தில் உன்னிடம் கேட்கும் முதல் காரியம் இது. கேட்டை மூடிப் பூட்டித்தான் போகிறேன், ஆனால் எட்டு மணிக்குள் திறக்காவிட்டால் சாலையில் கலாட்டா ஆகும். வந்து பக்கத்தில் இரு. மணி அடித்தால் நீ மூடு. கஷ்டம் இல்லை, தள்ளினால் கதவு நகரும், சங்கிலியை மாட்டி ஆணியைப் போட வேண்டும். நான் எப்படிச் செய்தேனோ அப்படி. ஒருவருக்கும் சொல்லாதே.

அம்மியின் மேல் மூடி வைத்திருக்கும் சாப்பாடு உனக்கு. இவருக்குப் போட்டுக் கொடுத்தால் சாப்பிடுவார்.

பாஞ்சாலி


கேட் வீடு
24 ஜூலை 1959, சாயங்காலம்

பாஞ்சாலி,

இந்தக் கடிதத்தைத் தங்கவயல் ஆஸ்பத்திரி விலாசத்துக்கு அனுப்புகிறேன். முதலில் வள்ளி எப்படி இருக்கிறாள் என்று தந்தி அடி.

காலை ஏழே முக்காலுக்கு வந்தேன். மாப்பிள்ளை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். “வாங்கக்கா” என்றார். எழுந்திருக்க நினைத்தார் என்று தோன்றியது. கால் விரல்கள் மட்டும் அசைந்தன. சாவியை வாங்கி நானே கேட்டைத் திறந்தேன்.

இப்போது எழுதப் போவதை நீ மன்னிக்க வேண்டியதில்லை. ஆனால் மறைக்க மாட்டேன். ஒன்பது நாற்பதுக்கு மணி அடித்தது. அடித்து ஆறு நிமிஷம் கழித்துத்தான் வண்டி வரும் என்று அவரிடம் கேட்டு வைத்திருந்தேன். நான் எழுந்திருக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் எழுந்திருக்கிறாரா என்று பார்த்தேன். மணி கேட்டதும் அவர் தலை நிமிர்ந்தது. கண் மணியைப் பார்த்தது, வாசலைப் பார்த்தது, கொக்கியில் தொங்கிய சிவப்புக் கொடியைப் பார்த்தது. வலது கை கட்டில் சட்டத்தைப் பிடித்தது. பதினைந்து விநாடி. முப்பது. ஒரு நிமிஷம். உன் புருஷனைப் பெட்டிக்குள் வைத்த எலியைப் போல நான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்பது ஒரு நிமிஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

ஓடினேன். கிழக்குக் கதவு நகர்ந்தது. மேற்குக் கதவு பாதியில் நின்றது. ஒரு செங்கல் லாரி மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, “ஏனம்மா, கேட்மேன் எல்லி, எங்க? கண்ணாடி போட்ட டீச்சரெல்லாம் கேட் தள்ள வந்துட்டீங்களா?” என்று கத்தினார். “இறங்கி வந்து தள்ளு” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. இறங்கி வந்து தள்ளினார். கதவின் அடியில் சிக்கியிருந்த கல்லைக் காலால் எற்றிவிட்டு, “கோவிச்சுக்காதீங்க டீச்சர்” என்றார். சங்கிலியை மாட்டும்போது இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது.

வளைவில் வண்டி ஊதியது. தரை அதிர ஆரம்பித்தது. அப்போது வீட்டுக்குள்ளிருந்து மாப்பிள்ளை வெளியே வந்தார். நடந்து அல்ல, ஓடி. வெறுங்காலோடு ஜல்லிக் கற்களின் மேல் ஓடிவந்து, மூடியிருந்த கதவை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார். வண்டி போய் முடிகிற வரை பிடித்த பிடியை விடவில்லை. கால் கட்டை விரலில் ரத்தம். இருபது வயதுப் பையன்கூட அவ்வளவு வேகமாக ஓடியிருக்க மாட்டான். ஆனால் கதவு திறந்திருந்தால் அவர் வந்த நேரத்துக்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

உள்ளே அழைத்துவந்து கால் கழுவிவிட்டேன். “மணி கேட்டதா?” என்றேன்.

“கேட்டுச்சுக்கா.”

“பயமாக இல்லையா?”

என்னை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. “பயம் இல்லைன்னு யாரு சொன்னது? பயந்துகினேதான் குந்திகினு இருக்கேன். உள்ள ஒருத்தன் எழுந்திரு எழுந்திருன்னு அடிச்சிக்கிறான். கேக்குது. எழுந்திருக்கறவன் யாருன்னுதான் தெரியல.”

இது ஒரு மனிதர் சொன்னது. எலி சொன்னது அல்ல. ஆனாலும் ‘அமைதி’ என்ற சொல்லை இனி நான் எழுதமாட்டேன்.

கேட் மூடிய நேரத்தை எழுதும் ரிஜிஸ்டர் ஒன்று ஜன்னலோரம் இருந்ததைப் பார்த்தேன். வண்டி எண், நேரம், மூடியவர் பெயர். ஏழு வாரமாக எல்லா வரியிலும் ‘பச்சைமுத்து’ என்று அவர் பெயர், உன் கையெழுத்தில். அவருடைய ‘ச்’ போலவே எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறாய். இன்றைய வரி காலியாக இருந்தது. நான் பேனாவை எடுத்தேன். “இதை யார் பார்ப்பார்கள்?” என்று கேட்டேன். சனிக்கிழமை தோறும் இன்ஸ்பெக்டர் தண்டவாளத்தில் ஓடும் டிராலியில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார் என்றார்.

நாளை சனிக்கிழமை.

“மாப்பிள்ளை, நான் என் பெயரை எழுதினால் உங்கள் வேலை போகலாம். வீடும் போகலாம்.”

அடுத்த மணி அடித்து, நான் போய் மூடித் திறந்துவிட்டு வந்தபோது, ரிஜிஸ்டர் என் பக்கம் நகர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அவர்தான் நகர்த்தியிருக்க வேண்டும். “எழுதுங்கக்கா. நானே போய் சொல்லணும்னுதான் தினம் நெனைக்கிறேன். அவ பாவம், ஓடி ஓடி கால் தேஞ்சிட்டா.”

இரண்டு வரியிலும் என் பெயரை எழுதினேன். பக்கத்தில், ‘கேட்மேன் மருந்தினால் உடல்நலம் குன்றியிருக்கிறார்’ என்றும் எழுதினேன். ஸ்டேஷனுக்குக் கடிதம் எழுதவில்லை. எழுதுவதும் இதுவும் ஒன்றுதான் என்று நீ சொல்வாய். ஒன்றுதான்.

25 ஜூலை, சனிக்கிழமை

நேற்றுத் தபால் நேரம் தவறிவிட்டதால் இன்று நடந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

பதினொன்று பத்துக்கு டிராலி வந்தது. இன்ஸ்பெக்டர் ரிஜிஸ்டரைப் படித்தார். திருப்பிப் பார்த்தார், மறுபடி படித்தார். “யாரு காந்தா?” என்றார். நான் என்றேன். மருந்து, அளவு, நிறுத்திய தேதி எல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருந்ததைக் கொடுத்தேன். அதில் மூன்று மாத்திரை என்பதும் இருக்கிறது. யார் கொடுத்தது என்பது இல்லை. வாங்கிக் கொடுத்தவள் என்று என் பெயர் இருக்கிறது. முந்தைய பக்கங்களைப் பற்றி அவர் கேட்டார். “எனக்குத் தெரியாது” என்றேன். என் வாழ்க்கையில் ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் சொன்ன முதல் பொய்.

அவர் நல்லவரும் இல்லை, கெட்டவரும் இல்லை. திங்கட்கிழமை காலை மாப்பிள்ளையை ரயில்வே ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். வேலையைப் பற்றிக் கேட்டேன். “டாக்டர் சொல்றதுதான்” என்றார். வீட்டைப் பற்றிக் கேட்டேன். டாக்டர் சொல்லும் வரை இருக்கலாம் என்றார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை, நானும் அதற்குமேல் எதையும் உனக்குச் சொல்ல முடியாது. திங்கட்கிழமை கூட்டிப் போவது நான்தான்.

மூன்று மணிக்கு மாற்று கேட்மேன் வந்தார். ரங்கா என்று பெயர். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கை. மாப்பிள்ளையைப் பார்த்து, “ஏன் பச்சைமுத்து, என்னா ஒடம்புக்கு?” என்றார். அவருக்கும் சேர்த்துக் காபி போட்டேன்.

நான்கு ஐந்துக்கு மணி அடித்தது. ரங்கா எழுந்து போய் இரண்டு கதவையும் மூடினார். மாப்பிள்ளை கட்டிலிலேயே இருந்தார். உன்னிடமிருந்து தந்தி வரவில்லை. வண்டி வளைவில் ஊதியதும் அவர் எழுந்து ஓடினார். “நான் மூடிட்டேன்பா, நீ போய் உக்காரு” என்றார் ரங்கா. அவர் உட்காரவில்லை. கடைசிப் பெட்டி போகிற வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவர் பக்கத்தில் நின்றேன்.

காந்தா